கிடைத்தற்கரிய ஏடுகள்

பொருள்களைத் தேடித் தொகுப்பது மக்களுக்கு இயற்கையாய் அமைந்த ஓர் ஆர்வமாகும். கடற்கரைச் சிறுவர் கிளிஞ்சல் பொறுக்குவர். சிலர் அஞ்சல்தலைகளைச் சேர்ப்பர். வேறு சிலர் பழங்காசுகளைச் சேர்ப்பர். ஏடு தேடுவோர்க்கோ இன்பம் இரண்டு. கண்டெடுத்த இன்பம் ஒன்று. கண்டெடுத்ததைக் கற்கும் இன்பம் மற்றொன்று.

தாமிரபரணியாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது எங்கள் ஊராகிய புன்னைக்காயல். மக்கள் பேச்சில் அது புன்னக்காயல் என வழங்கும். நான் நெடுங்காலம் தமிழாசிரியனாகப் பணியாற்றி, ஓய்வுபெற்று இங்கு வாழ்கின்றேன். நன்னூலையும் யாப்பருங்கலக் காரிகையையும் ஆசிரியர்பால் முறையாகப் பாடங்கேட்டவன். எனினும், என் பெட்டியில் அவ்விலக்கண நூல்களுக்கு அருகிலேயே சித்திரக்கதைப் புத்தகங்களும் இருக்கின்றன. இன்று யாவரும் காமிக்ஸ் என்று கூறுவது இவற்றைத்தான்.

1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியபோது நான் சிறுவன். அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தில் வெளிவந்த படக்கதையொன்றின் தமிழாக்கம் அது. உடலில் மின்னாற்றல் பாய்ந்ததும் மாயாவியின் உருவம் மறைந்துவிடும். இரும்புக் கை ஒன்றே தெரியும். அக்கையைக் கண்டு வியவாத சிறுவர் எங்கள் தெருவில் இலர். பின்னர் 1984இல் ‘லயன் காமிக்ஸ்’, ‘ராணி காமிக்ஸ்’ என்னும் இரண்டும் தோன்றின. அந்நாளில் கைக்குக் கை மாறிய அவ்விதழ்கள் இன்று கிடைத்தற்கரியனவாகிவிட்டன.

அவற்றைத் தேடுவோர் எங்கள் பக்கத்தில் நால்வர் உளோம். ஒருவர் கடல்தொழில் செய்பவர்; ஒருவர் ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்; ஒருவர் காயல்பட்டினத்தில் பழைய தாள் வணிகர்; நான்காமவன் நான். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமையன்று, படகுகள் கரையேறியிருக்கும் வேளையில், நாங்கள் கூடுவோம். அவ்வாண்டில் தாம் கண்டெடுத்தவற்றுள் தலைசிறந்த ஒன்றை மட்டும் ஒவ்வொருவரும் காட்டுதல் வேண்டும். கிடைத்த இடத்தைக் கூறலாம். கொடுத்த விலையைக் கூறலாகாது. இஃது எங்கள் விதி.

சென்ற முறை கூடியபோது கொடிக்கால்காரர் ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்னும் இதழைக் காட்டினார். லயன் காமிக்ஸின் முதல் வெளியீடு அது. இடிபட இருந்த பழைய வீடொன்றில், பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில் விரிக்கப்பட்டுக் கிடந்ததாம். அட்டையின் ஒரு மூலையைச் செல் அரித்திருந்தது, உள்ளே குறைவில்லை. தாள் வணிகர் காட்டியது இந்திரஜால் காமிக்ஸின் தமிழ்ப் பதிப்பு. எடைக்கு வந்த பழைய பள்ளிக் குறிப்பேடுகளின் நடுவே அது செருகிக் கிடந்தது. “தராசுத் தட்டில் ஏறியதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன்” என்று அவர் நகைத்தார்.

நான் காட்டியது கடையில் விற்ற நூலன்று. ‘தினத்தந்தி’ நாளிதழில் 1960ஆம் ஆண்டு தொடங்கி நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் ‘கன்னித்தீவு’ படத்தொடரின் நறுக்குகளை யாரோ ஒருவர் ஒரு பழைய கணக்கேட்டில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார். ஓரிடம் மட்டும் வெறுமையாயிருந்தது. அதில் பென்சிலால், “மழை, தாள் வரவில்லை” என்று எழுதியிருந்தது. விடுபட்டதையும் மறையாது பதிந்த அக்கைக்கு நான் மனத்தால் வணக்கம் செலுத்தினேன். அச்சிட்ட நூலுக்கு ஆயிரம் படிகள் உண்டு. இக்கணக்கேட்டுக்கோ உலகில் வேறு படி இல்லை.

இறுதியாகக் கடல்தொழில் செய்யும் நண்பர் ஒரு துணிப்பையைப் பிரித்தார். அதனுள் இரண்டு புத்தகங்கள் இருந்தன. இரண்டும் முத்து காமிக்ஸின் தொடக்ககால இதழ் ஒன்றின் படிகளே. ஒன்று சிறுவயதில் மளிகைக் கடையில் அவருக்குக் கிடைத்தது. அதன் கடைசி நான்கு தாள்களைக் கடைக்காரர் பொட்டலம் மடிக்கக் கிழித்துவிட்டிருந்தார். கதையின் முடிவை அறியாமலே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அதைக் காத்துவந்தார். மற்றொன்று, தூத்துக்குடிப் பழைய புத்தகக் கடையொன்றில் அவ்வாண்டு கிடைத்த முழுப்படி. அதனையும் அவர் இறுதிவரை புரட்டவில்லை. “வாத்தியாரையா, முடிவை நீங்கள் வாசியுங்கள், நான் கேட்கிறேன்” என்றார். நான் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தபின், “நான் நினைத்த முடிவு வேறு, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது” என்று மட்டும் சொன்னார்.

அப்பொழுதுதான் வழக்கு ஒன்று எழுந்தது. வெளியூரார் ஒருவர் அம்முழுப்படியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்க விரும்பினார். நண்பருக்கோ வலை கிழிந்திருந்தது. புதிய வலை வாங்கப் பணம் வேண்டும். “கொடுத்துவிடுங்கள், அண்ணாச்சி. இந்த உப்புக்காற்றில் தாள் எத்தனை நாள் நிற்கும்? வாங்குகிறவர் கண்ணாய்க் காப்பார்” என்றார் தாள் வணிகர். “ஊரை விட்டுப் போனால் நம் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பது?” என்று மறுத்தார் கொடிக்கால்காரர். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. என் கருத்தைக் கேட்டனர். நான் எங்கள் ஊரின் பழங்கதையையே விடையாகக் கூறினேன்.

போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து வந்து இக்கரையில் வாழ்ந்தவர் அண்டிரிக் அடிகளார். அவர் தமிழ் கற்றுத் தமிழில் நூல்கள் இயற்றினார். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலே இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் முதலாவது. பின்னர் 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல் வெளிவந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சாயிற்று என்று அறிஞர் பலர் கருதுவர். இவ்வச்சுப்பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் தம் பொருளை ஈந்தனர். ஆயினும், அம்மக்கள் கையில் இருந்த படிகள் இன்று எங்கே? படித்துப் படித்தே தேய்ந்தன. கடற்காற்றிலும் கரையானிலும் அழிந்தன. தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்திலும், அடியார் வரலாற்றின் படி உரோமையில் வத்திக்கான் நூலகத்திலும் இருக்கின்றன. அங்குப் போனமையால் அவை பிழைத்தன. ஆனால், அடியார் வரலாறு 1967இல் தமிழ்நாட்டில் மீண்டும் பதிப்பிக்கப்பட்ட பின்னரே நம்மவர் அதனைப் படிக்க முடிந்தது. ஆதலின், ஏடு எங்கு இருக்கின்றது என்பது ஒரு கேள்வி. அதன் உள்ளுறை யார்க்கு எட்டுகின்றது என்பது வேறொரு கேள்வி. முன்னதற்காகப் பின்னதைக் கைவிடல் ஆகாது என்றேன்.

நண்பர் சிறிது நேரம் எண்ணினார். பின்பு, “அப்படியென்றால் அந்த நான்கு தாள்களையும் எழுதிக்கொள்வோம்” என்றார். பண்டைக் காலத்தில் ஏடெழுதுவோர் செய்த செயலையே நாங்களும் செய்தோம். நான் உரையாடல்களைத் தெளிவான கையெழுத்தில் எழுதினேன். அவருடைய பெயர்த்தி படங்களை வரைந்தாள். மாயக்காரன் முகம் சற்றே எங்கள் ஊரார் முகம்போல் அமைந்துவிட்டது! அத்தாள்களைப் பழைய குறைப்படியோடு சேர்த்துத் தைத்தோம். முழுப்படி விலையாயிற்று; புதிய வலை வந்தது. ஐம்பது ஆண்டுகள் குறையாயிருந்த புத்தகம் இன்று முடிவோடு அவர் வீட்டில் இருக்கின்றது. விரும்பும் பிள்ளைகள் அதனை வாங்கிப் படிக்கின்றனர்.

மாணவர்களே! ஒரு நூல் அரிதாவது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். யாரும் தொடாத நூல் அலமாரியில் நெடுநாள் வாழும். பலரும் விரும்பிப் படித்த நூலே கிழிந்து மறையும். எளிய விலையில் விற்ற சித்திரக்கதைகள் அவ்வாறே மறைந்தன. அமெரிக்காவில் 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்றது ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ். இரண்டாம் உலகப் போரின்போது மக்கள் பழைய தாள்களையெல்லாம் போர்த்தேவைக்குத் திரட்டிக் கொடுத்தமையால், அத்தகைய இதழ்கள் எண்ணிறந்தன அழிந்தன. எஞ்சிய படிகளுள் ஒன்று 2014இல் 32 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அவ்விலை தாளுக்கு உரியதன்று; பிறர் எறிந்ததை ஒருவர் எறியாமல் வைத்திருந்தமைக்கு உரியது.

எங்கள் ஆற்றின் கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடியபொழுது, ஆழ்வார்திருநகரியில் அவருக்குப் பத்துப்பாட்டுச் சுவடி கிட்டியது. 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடகத் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்புகளையும்கூடச் சேர்த்துவைத்தார். அவர் திரட்டியவை பின்னர்ச் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. சங்கப்பாட்டும் துண்டறிக்கையும் பெருமையில் ஒன்றல்ல. ஆனால், ஒருமுறை அழிந்தால் மீளாமை இரண்டுக்கும் ஒன்றே.

நூல் காக்கும் முறை அரிதன்று. துருப்பிடித்த கம்பியை மெல்ல நீக்கி நூலால் தைக்கலாம். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டலாகாது. நாளடைவில் அது தாளைப் பழுப்பாக்கிவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்த்தல் வேண்டும். சுவடிகளுக்கு நம் முன்னோர் இட்ட வசம்பை இவற்றுக்கும் இடலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி இருக்கலாம். அதிலுள்ள தாள்களை எடைக்குப் போடுமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். எங்கோ ஒருவர், முடிவு தெரியாத ஒரு கதையின் கடைசித் தாள்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.