'கத்தா'னு கத்துங்க!

நூடுல்ஸ்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஹாஸ்டல் ரூம், எலெக்ட்ரிக் கெட்டில், ராத்திரி ரெண்டு மணி... கரெக்ட்டா? அந்த பாக்கெட் சமாசாரம் 1958-ல் முதன்முதலா விற்பனைக்கு வந்தது ஜப்பான்லதான். ஆனா, அந்த ஊர்க் கடைகள்ல கிடைக்கிற ராமென் வேற ஜாதி! ஊருக்கு ஊர் ருசி மாறும். வடக்கே சப்போரோவுக்கு மிசோ ராமென்னா, தெற்கே க்யூஷு தீவுல இருக்கிற ஃபுகுவோகாவுக்கு ஹகாட்டா ராமென்.

ஃபுகுவோகாவுக்கு நான் படிக்கப் போன புதுசு. வெளியே எங்கே திரும்பினாலும் ஜப்பானீஸ். கடையில வாங்கின சோத்து உருண்டையை ரூம்ல உட்கார்ந்து முழுங்கிட்டுப் படுத்துடுவேன். சில நாள் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்திருக்காது. எதிர்ல வர்றவங்க எல்லாம் 'சாப்பிட்டியா?'னு கேட்கிற ஊர்ல வளர்ந்தவனுக்கு, ஹோட்டல்ல தனியா சாப்பிடறது தண்டனை மாதிரி இருந்துச்சு.

ஒரு மழை நாள். பசி தாங்காம ஸ்டேஷன் பக்கத்துல ஒரு சின்ன ராமென் கடைக்குள்ளே நுழைஞ்சேன். வாசல்லயே ஒரு வாசனை... ஆட்டுக்கால் பாயா கொதிக்கிற வீட்டைப் பத்து மடங்காக்கிக்கோங்க! மெஷின்ல காசு போட்டு டோக்கன் எடுத்து, நீள மேஜை முன்னாடி உட்கார்ந்தா, பக்கத்துல இருந்த அத்தனை பேருமே தனியா வந்தவங்க!

வந்துச்சு கிண்ணம். பால் மாதிரி வெள்ளை சூப். பன்றி எலும்பை மணிக்கணக்கா தளதளன்னு கொதிக்கவிட்டா, கொழுப்பும் எலும்புச் சத்தும் தண்ணியோட கலந்து இந்த நிறம் வருது. பேரு டொன்கொட்ஸு. (பன்றி சாப்பிடாதவங்க கறித்துண்டை மட்டும் எடுக்கச் சொல்லித் தப்பிக்க முடியாது பாஸ், சூப்பே அதுதான்!) மேலே வெங்காயத்தாள், எள்ளு, சிவப்பு இஞ்சி ஊறுகாய். நூடுல்ஸோ நம்ம சேமியாவுக்கு அண்ணன் மாதிரி அவ்ளோ மெலிசு.

அந்த மெலிசுலதான் மேட்டரே இருக்கு. நாகஹாமா மீன் மார்க்கெட் ஆளுங்களுக்கு நின்னு நிதானமா சாப்பிட நேரம் கிடையாது. மெலிசு நூடுல்ஸ் சட்டுனு வெந்துடும். ஆனா, சூப்புல கிடந்தா சட்டுனு ஊறியும் போயிடும். அதனால முதல்ல கொஞ்சமா போடுவாங்க. பத்தலைன்னா, மிச்சமிருக்கிற சூப்புலயே இன்னொரு பிடி. இதுக்குப் பேரு 'கயேதாமா'. முதல் கிண்ணத்து விலையில ஒரு சின்னப் பங்குதான். ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு வரப்பிரசாதம்!

பக்கத்து ஸீட் தாத்தா, சூப்பைக் குடிச்சுத் தீர்க்காம கையைத் தூக்கினார். "கயேதாமா... கத்தா!" 'கத்தா'ன்னா கொஞ்சம் விறைப்பா வேகணும்னு அர்த்தம். அதுக்கும் மேலே 'பரிகத்தா'. இன்னும் மேலே 'ஹரிகானே', அதாவது கம்பி! நானும் கையைத் தூக்கி, "கயேதாமா, கத்தா!"ன்னேன். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, அதையே உள்ளே பார்த்து சத்தமா திருப்பிச் சொன்னார். நிமிஷத்துல நூடுல்ஸ் கிண்ணத்துக்குள்ளே!

அந்த ஊர்ல நான் சொல்லி, இன்னொருத்தர் உடனே புரிஞ்சுக்கிட்ட முதல் வார்த்தை அதுதான். தாத்தா சிரிச்சுக்கிட்டே இஞ்சி டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த வாரமே நாகா நதிக்கரையில, 'யதாய்'னு சொல்ற தள்ளுவண்டிக் கடைக்குப் போற தைரியம் வந்துடுச்சு. அங்கே தோளோட தோள் இடிச்சுக்கிட்டுதான் உட்காரணும். பேசாம இருக்கவே முடியாது!

நாளைக்கு நீங்களும் மொழி தெரியாத ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ போவீங்க. இலக்கணத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டுத்தான் வாயைத் திறப்பேன்னு ரூமுக்குள்ளேயே கிடக்காதீங்க. பக்கத்துல இருக்கிற சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போங்க. 'இன்னும் கொஞ்சம் போடுங்க'ங்கிறதை அவங்க பாஷையில சொல்லக் கத்துக்கோங்க. ஊர் தானா பேச ஆரம்பிக்கும்!