கருவி காட்டாத பொருள்

‘இருக்கிறது’ என்று சொல்வது வேறு. ‘இன்னது’ என்று சொல்வது வேறு. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது இயற்பியல் வகுப்பறை அன்று. எங்கள் மரவள்ளிக் கொல்லை.

சென்ற ஆண்டு நம் கல்லூரியின் அறிவியல் கண்காட்சிக்காக நானும் நண்பர் இருவரும் உலோகம் காட்டும் கருவி ஒன்றைச் செய்தோம். மூங்கில் கழி, செம்புக் கம்பிச் சுருள், இரண்டு பேட்டரி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி: இவ்வளவுதான் அதன் உறுப்புகள். சுருளில் மாறு மின்னோட்டம் பாயும்; அதனால் எழும் காந்தப் புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி, சுருளின் நிலையை மாற்றும். உடனே கருவி கூவும்.

இதன் வரலாறும் சுவையானது. 1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று அறிய, தொலைபேசி தந்த கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டு முயன்றார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் ஒரு காரணம் என்பார்கள். செப்டம்பரில் தலைவர் இறந்தார். இதைப் படித்தபோது பெல்லுக்காக இரங்கினேன். எனக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

கண்காட்சியில் பரிசு பெற்ற கருவியைப் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துச் சென்றேன். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கருவியைக் கண்டதும் ஊர்ப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். “அண்ணே, புதையல் எடுக்கலாம்!” என்று துள்ளினான் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி.

“புதையல் கிடைத்தாலும் நமக்கில்லையடா. 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்” என்றேன். அவன் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே!

பெரியப்பாவின் மரவள்ளிக் கொல்லையில் தேடத் தொடங்கினோம். வரப்பு முழுதும் கருவியை ஆட்டிக்கொண்டு நடந்தேன், ஓசையே இல்லை. பழைய ஆழ்துளைக் கிணற்றருகே வந்ததும் அது அலறியது. முழ ஆழம் தோண்டினோம். துருவேறிய ஓர் இரும்பு உருளை வெளிப்பட்டது. பருத்த அதன் தலையில் கொப்புளம் கொப்புளமாகக் குமிழ்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்கு உடல் வியர்த்தது.

ஏன் வியர்க்காது? 2018 ஜூனில் இராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, பெட்டி பெட்டியாகத் துப்பாக்கிக் குண்டுகளும் வெடிபொருள்களும் கிடைத்த செய்தியை நான் படித்திருந்தேன். “யாரும் தொடாதீங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!” என்று கத்தினேன். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள்.

தம்பி ஓடிய திசை வரப்பு. அங்கே அவன் குனிந்து எதையோ எடுக்கக் கை நீட்டினான்.

“கையை எடுடா! அது அவுட்டுக்காய்!” என்று ஒரு குரல் வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கொல்லை அத்தையின் குரல். தம்பி அப்படியே நின்றான். புல்லில் கிடந்தது எலுமிச்சம்பழம் அளவுள்ள ஓர் உருண்டை. நூல் சுற்றி, மேலே ஏதோ பூசி, தின்பண்டம் போலவே இருந்தது. அதில் வாய் வைத்த அத்தையின் பசு தாடை சிதறி, மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் செத்துப்போயிருந்தது. அதனால்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

நண்பர்களே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்த வரப்பில்தான் கால் மணி நேரத்துக்கு முன் என் கருவியை ஆட்டிக்கொண்டு நடந்தேன். அது ஓசை எழுப்பவில்லை. ஓசை இல்லை என்றால் பயமில்லை என்று நான் எண்ணியிருந்தேன். என் கருவிக்குத் தெரிந்தது உலோகம் மட்டும். ஆபத்து என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

அவுட்டுக்காய் என்பது காட்டுப்பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடி. கடித்தால் வெடிக்கும், அழுத்தினாலும் வெடிக்கலாம். பன்றி எது, பசு எது, பாலகன் எது என்று அது பார்ப்பதில்லை. 2020 ஜூனில் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே, மீன் பிடிக்க வைத்திருந்த வெடிபொருளைத் தின்பண்டம் என்று எண்ணிக் கடித்த ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். இலங்கையின் வட பகுதியில் 2009இல் போர் முடிந்த பிறகும் கண்ணிவெடி அகற்றுவோர் ஆண்டுக்கணக்காக நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தேடி வருகிறார்கள். உலோகம் மிகக் குறைவான பிளாஸ்டிக் கண்ணிகளும் உண்டு என்பதால், கருவி ஒன்றை மட்டும் அவர்கள் நம்புவதில்லை.

கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லி, 112க்கும் தொலைபேசி செய்தேன். அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். என்னைப் புளிய மரத்தடிக்கு அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்: “போலீசுக்கு ஏன்டா சொன்னே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்துப் போட்டிருப்பேனே?”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலை சுற்றியது. அப்பா இறந்த பின் எனக்குச் சோறு போட்டவர் அவர். கல்லூரிக் கட்டணம் கட்டியவரும் அவரே. பத்து மாதம் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியைப் பன்றிகள் ஒரே இரவில் கிளறிப்போட்டபோது, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

வெடிகுண்டு நிபுணர்கள் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. முதலில் என் ‘குண்டை’ப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். “தம்பி, இது போர்வெல் வண்டியோட பிட்டு. பாறையைக் குடைகிற முனை. எடைக்குப் போட்டால் காசு கிடைக்கும்!” ஊரே சிரித்தது. பிறகு வரப்பில் கிடந்ததை எச்சரிக்கையோடு அகற்றினார்கள். அதிகாரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: “இது ஒண்ணுதானா? இன்னும் இருக்கா?”

யாரும் பேசவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. என் கையில் கருவி இருந்தது, அது ஊமை. இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். விடியற்காலையில் அந்தக் கொல்லை வழியாகத்தான் பெண்கள் விறகுக்குப் போவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள்.

நான் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “பெரியப்பா, எத்தனை?”

அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “அஞ்சு வச்சேனுங்க. அதை நாய் இழுத்துட்டு வந்திருக்கும். பாக்கி நாலும் இருக்குற எடத்தைக் காட்டுறேன்” என்றார்.

டார்ச்சு வெளிச்சத்தில் அவர் விரல் காட்டிய இடங்களில் நான்கும் இருந்தன.

வழக்கு நடக்கிறது. பெரியப்பா ஜாமீனில் வந்தார். பங்குனி மாதம் வரை என்னோடு பேசவில்லை. பெரியம்மா கையால் சோறு மட்டும் வழக்கம்போல் வந்தது. ஒரு நாள் அவரே வாய் திறந்தார்: “நீ கேட்டது சரிதான்டா. ஆனா பன்னிக்கு யாரும் பதில் சொல்லலையே?” அதற்கு என்னிடம் விடை இல்லை. அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்து இக்கட்டுரையை முடிப்பது நேர்மை ஆகாது.

இப்போது கொல்லையில் பரண் கட்டியிருக்கிறோம். விடுமுறை நாள்களில் நானும் பெரியப்பாவும் அதில் உட்கார்ந்து, தகரம் தட்டி இரவெல்லாம் காவல் காக்கிறோம். கருவி வீட்டுப் பரணில் தூங்குகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். தன்னால் முடிந்ததைச் செய்தது. என் தம்பியைக் காத்தது அத்தையின் குரல்; ஊர்ப் பிள்ளைகளைக் காத்தது பெரியப்பா சொன்ன ‘அஞ்சு’ என்ற ஒரு சொல்.