அமைச்சன் சொன்ன கதைகள்

சீக்கியர் மாலைதோறும் ஓதும் ரஹிராஸ் வழிபாட்டில் ‘பேந்தி சௌபாயி’ என்னும் பாடல் இடம்பெறுகிறது. காத்தருளுமாறு இறைவனை இரந்து நிற்கும் பாடல் அது. சிறுவயதிலேயே அதை மனப்பாடம் செய்த ஒருவர், அது எந்த நூலின் இறுதிப் பகுதி என்பதைப் பின்னாளில் அறிய நேர்ந்தால் சற்றே திகைக்கக்கூடும்.

அந்நூல் சரித்ரோபாக்கியான். குரு கோவிந்த சிங்கின் பெயரால் வழங்கும் தசம கிரந்தத்தின் 1428 பக்கங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுவே நிறைந்துள்ளது. விரஜ மொழியில், குர்முகி எழுத்தில் அமைந்த நானூறுக்கும் மேற்பட்ட கதைகள். அவற்றுள் மிகப் பல, பெண்கள் செய்யும் வஞ்சகத்தையும் காமத்தையும் பேசுபவை. நூல் 1696இல் சட்லெஜ் நதிக்கரையில் நிறைவுற்றதாக அதன் இறுதி அடிகள் தெரிவிக்கின்றன.

கதைகளைத் தாங்கி நிற்கும் முதற்கதை இது. அரசன் சித்திர சிங் பின்னாளில் மணந்த மனைவி, அவனுடைய மகன் அனுவந்த சிங்கின்மீது ஆசை கொள்கிறாள். இளவரசன் இணங்க மறுக்கவே, அவன் தன்னிடம் முறைகேடாக நடந்ததாகப் பழி சுமத்துகிறாள். ஆராயாமல் மகனைக் கொல்ல ஆணையிடுகிறான் அரசன். அந்த உயிரைக் காக்கவே அமைச்சன் கதைமேல் கதையாகச் சொல்கிறான். சுகசப்ததி, பாரசீகத்தின் சிந்துபாத் நாமா ஆகியவற்றோடு உறவுடைய கட்டமைப்பு இது.

அமைச்சனின் நோக்கம் நன்று. ஆயினும் ஒரு குற்றமற்றவனை மீட்பதற்காக அவன் ஒரு பாலினம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறான். ஒருத்தியின் பொய்யை வைத்து எல்லோரையும் அளப்பதும், ஆராயாமல் தண்டிக்கும் அரசனின் பிழையைப் போன்றதுதானே? நூலை வாசிப்போர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவே.

இவ்வினாவுக்கு நூலே ஓரளவு இடம் தருகிறது. 21 முதல் 23 வரையிலான கதைகளில் ஆனந்தபூர் அரசன், மந்திரம் பெறும் விருப்பத்தால் மாறுவேடத்தில் அனூப் கௌர் என்பவளின் இல்லம் செல்கிறான். அவள் அவனை விரும்புகிறாள்; அவனோ பிறன்மனை நோக்காத தன் நோன்பைச் சொல்லி மறுக்கிறான். திருடன் என்று கூவிவிடுவதாக அவள் அச்சுறுத்துகிறாள். இறுதியில் அவனே ‘திருடன்’ என்று கூவித் தப்புகிறான். அகப்பட்டு அடிபடுபவன் அவளுடைய உடன்பிறந்தான். அரசனின் ஒழுக்கத்தைப் போற்றும் இக்கதைகள் அவனது தந்திரத்தையும் மறைக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தவனையும் மறைக்கவில்லை. பின்னர் அவளை மன்னித்து, பொருளும் வழங்குகிறான் அரசன்.

நூலை இயற்றியவர் குருவா, அவரது அவைப் புலவர்களா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. குருவின் இருக்கை குரு கிரந்த சாகிபுக்கே உரியது என்பதில் மட்டும் ஐயமில்லை. நூலை முற்றாக விலக்க விழைவோர் மாலைப் பாடலுக்கு விடை கூற வேண்டியிருக்கிறது. முற்றாக ஏற்போர் அக்கதைகளைத் தம் மகளிர்முன் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இவ்விரு தரப்பினரும் ஒன்றை நினைவிற்கொள்வது நன்று. பெண்களைப் பற்றிய அந்தக் கடுஞ்சொற்கள், விடிந்தால் ஒரு கொலை நிகழும் என்று அஞ்சிய ஓர் அமைச்சனின் வாயிலிருந்து வருபவை. அவற்றை அவனது வாதமாகவே வாசிக்கலாம். தீர்ப்பாக வாசிக்க வேண்டியதில்லை.