கதை எங்கே, தாத்தா?

வயது அறுபதைத் தாண்டிய மனிதனிடம் மிஞ்சியிருக்கும் சொத்து அவனுடைய அபிப்பிராயங்கள்தாம். நிலபுலன்கள் கைவிட்டுப் போகலாம், பற்கள் விடைபெற்றுக்கொள்ளலாம், அபிப்பிராயங்கள் மட்டும் அசைவதில்லை. கதை இல்லாத ஸினிமாப் படம் உப்பில்லாப் பண்டம் என்பது என் அபிப்பிராயங்களில் ஒன்று. நாற்பது வருஷ காலமாக அதை வீட்டிலும் வெளியிலும், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதற்குப் பங்கம் நேர்ந்தது. காரணம், 1948-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி வெளிவந்த "சந்திரலேகா" என்னும் படம்.

டெலிவிஷனில் அந்தப் படம் ஆரம்பமானபோது என் பக்கத்தில் இருந்தவள் பன்னிரண்டு வயதுப் பேத்தி. குறுக்கு விசாரணை செய்வதில் இக்காலத்துக் குழந்தைகளிடம் பெரிய வக்கீல்களும் பாடம் கேட்க வேண்டும்.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஒரு ராஜாவுக்கு இரண்டு பிள்ளைகள்: மூத்தவன் வீரஸிம்மன், இளையவன் சசாங்கன். பட்டம் மூத்தவனுக்கு என்று ராஜா முடிவு செய்கிறார். இளையவன் கொள்ளைக் கூட்டம் சேர்த்துக்கொண்டு நாட்டைச் சூறையாடுகிறான். சந்திரலேகா என்ற கிராமத்துப் பெண்ணை மூத்தவன் காதலிக்கிறான்; இளையவன் அவளைக் கவர்ந்து செல்ல முயல்கிறான். முடிவு என்னவென்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

"அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்துபோயிருக்குமே, தாத்தா?" என்றாள் பேத்தி.

"தீர்ந்திருக்கும். ஆனால் படமும் தீர்ந்திருக்குமே, அம்மா!" என்றேன்.

மூத்தவனைக் குகையில் அடைத்துப் பெரும் பாறையால் வாயிலை மூடிவிட்டுப் பகைவர்கள் போகிறார்கள். அவ்வழியே ஒரு ஸர்க்கஸ் கம்பெனி வந்து சேருகிறது. யானைகள் பாறையை நகர்த்துகின்றன. பிறகு நாயகி அந்த ஸர்க்கஸிலேயே சேர்ந்துவிடுகிறாள். "ராஜா காலத்தில் ஸர்க்கஸ் ஏது? கதை எங்கே, தாத்தா?" என்று அடுத்த கேள்வி பிறந்தது. நான் சற்றுப் பெருமையுடன் தலையசைத்தேன். என் அபிப்பிராயம் மூன்றாம் தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதல்லவா?

கதை மெலிந்ததற்குக் காரணமும் உண்டு. ஜெமினி அதிபர் ஸ்ரீ எஸ். எஸ். வாஸன், தம் அடுத்த படம் "சந்திரலேகா" என்று விளம்பரம் செய்தபோது அவர் கையில் கதையே இல்லை. வேண்டாம் என்று தள்ளிவிட்ட வேறொரு கதையிலிருந்து நாயகியின் பெயர் மட்டும் அவர் மனத்தில் தங்கியிருந்தது. அந்தப் பெயருக்கு ஏற்ற கதையை ஜெமினியின் கதை இலாகாவினர் பிறகு தேடினார்கள். பிள்ளை பிறக்கு முன்னே பெயர் வைத்தது போலத்தான்.

நான் இப்படிக் குறைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது முரசங்கள் வந்துவிட்டன.

சசாங்கனை மணந்துகொள்ளச் சம்மதித்தவள் போல் நடிக்கும் சந்திரலேகா, கலியாணத்தில் முரசு நடனம் வேண்டும் என்று கேட்கிறாள். அரண்மனைக்கு முன்னால் பரந்த வெளியில் ஆள் உயரத்தையும் மிஞ்சிய முரசங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் நர்த்தகிகள். ஒரே சமயத்தில் அத்தனை கால்களும் எழுகின்றன. அத்தனை கால்களும் விழுகின்றன. காமிரா உயரத்திலிருந்து அந்த வரிசைகளை நோக்கும்போது, பெரியதொரு கோலம் உயிர்பெற்று ஆடுவதுபோல் இருந்தது. ஸ்ரீமதி டி. ஆர். ராஜகுமாரி அதன் நடுவே ஆடுகிறார். திடீரென்று முரசங்கள் திறக்கின்றன. உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வாளுடன் குதிக்கிறார்கள். உதயணனைப் பிடிப்பதற்கு யானைப் பொறிக்குள் வீரர்களை ஒளித்துவைத்த பழங்கதையின் தந்திரந்தான். ஒரு முரசையாவது காவலாளிகள் தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். பேத்தி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தோம். அப்புறம் எம். கே. ராதாவும் ரஞ்சனும் செய்யும் நீண்ட வாட்போர்! அது முடிந்தபோது கைதட்டியது யார் என்று திரும்பிப் பார்த்தேன். தட்டியவை என் கைகளே.

அப்போது என் தகப்பனார் நினைவுக்கு வந்தார்.

அவர் கிராமப் பள்ளி ஆசிரியர். கதர் தவிர வேறு உடுத்தாதவர். கேளிக்கைகள் மனிதனைக் கெடுக்கும் என்பார். எங்களை ஸினிமாக் கொட்டகைப் பக்கம் விட்டதில்லை. கதையைப் பற்றிய என் அபிப்பிராயமே அவரிடமிருந்து வந்ததுதான். "ஒரு நீதியாவது இருக்கிறதா அதில்?" என்பது அவர் கேள்வி. 1992-ஆம் வருஷம் நோயாய்ப் படுத்திருந்தபோது, ஓரிரவு அவர் தாமாகவே சொன்னார்: "நான் ஒரு படம் பார்த்திருக்கிறேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

1948-இல் அவருக்கு இருபத்திரண்டு வயது. ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா மறைந்த செய்தி கேட்டது முதல் அவருக்குச் சரியான உறக்கமில்லை. பாரத மாதா விடுதலை பெற்று ஆறு மாதம் நிறைவதற்குள் இப்படி நேர்ந்துவிட்டதே என்று இராட்டையின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பாராம். கோடைகாலத்தில் ஒருநாள் நண்பர் ஒருவர் அவரை வற்புறுத்திப் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போய்ச் "சந்திரலேகா"வைக் காட்டினார்.

"கதை ஒன்றுமில்லையடா. ஆனால் அந்த முரசங்கள்! அன்றிரவு வீட்டுக்கு வந்து படுத்தவன் பொழுது விடிகிற வரையில் தூங்கினேன். எழுந்ததும் வெட்கமாயிருந்தது. துக்கத்துக்குத் துரோகம் செய்துவிட்டதாக நினைத்தேன்" என்றார்.

நான் அப்போது அவருக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. நாற்பத்து நான்கு வருஷம் ஒரு மனிதர் உள்ளத்தில் மறைத்துவைத்திருந்த குற்றம் ஓர் இரவின் நல்ல தூக்கந்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. அந்த முரசங்களைத் தச்சர்கள் இழைத்துச் செய்தார்கள். அரண்மனையும் அரங்கமும் ஸ்ரீ ஏ. கே. சேகரின் கற்பனையில் எழுந்தவை. நர்த்தகிகள் மாதக் கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். இன்று கம்ப்யூட்டரில் ஆயிரம் முரசங்களைப் பெருக்கிவிடலாம். அன்று ஒவ்வொன்றும் நிஜமாகவே நிற்க வேண்டும், ஒவ்வொரு காலும் நிஜமாகவே விழ வேண்டும். யுத்த காலத்தில் தொடங்கிய வேலை முடிய ஐந்து வருஷம் ஆயிற்று. முப்பது லட்சம் ரூபாய் செலவு என்று சொல்வார்கள். அதே வருஷம் டிஸம்பரில் ஹிந்தியிலும் வெளிவந்து, சென்னைப் பட்டணத்தில் செய்த படத்தை வடநாடெங்கும் ஜனங்கள் கூடிப் பார்த்தார்கள். நம்மவர்களால் இதெல்லாம் ஆகுமா என்ற ஐயம் நாட்டில் நிரம்பியிருந்த காலம் அது. ஆகும் என்று அந்த முரசங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நீதியாவது இருக்கிறதா என்று கேட்பவருக்கு அது போதாதா? போதும் என்று அப்பாவின் உள்ளத்தில் ஏதோ ஒன்று அவரைக் கேளாமலே தீர்மானித்துவிட்டது.

கதை மெலிந்ததுதான். இந்த அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. "சந்திரலேகா"வை ஒரு காவியம் என்று யாராவது சொன்னால் இன்றும் சண்டைக்குப் போவேன். ஆயினும் மனிதனுக்குக் கண் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் பசி உண்டு. அந்தப் பசியை நேர்மையான உழைப்பால் ஆற்றுகிறவர்களைக் குறைவாகப் பேச எனக்கு இனி வாய் வராது.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். பேத்தி எழுந்திருக்கவில்லை.

"கதை எங்கே என்று கேட்டாயே, அம்மா?"

"அது கிடக்கட்டும், தாத்தா. அந்த முரசுக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போடுங்கள்."

போட்டேன். அப்பாவுக்காக ஒரு தடவை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.