மீன்தொட்டி: செய்வதா, வாங்குவதா?



எங்கள் கருவேப்பிலங்குறிச்சி வீட்டில் அழகுக்கென்று இதுவரை எதுவும் வாங்கியதில்லை. எட்டாவது படிக்கும் என் தங்கச்சி, விருத்தாசலத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று ஆரம்பித்தது.

"வாங்குவானேன்? அண்ணன்தான் செராமிக் படிக்குதே, கண்ணாடியும் அதுல வருமாமே. அவனையே செய்யச் சொல்லு" என்றார் அம்மா.

எனக்குப் பகீரென்றது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஒரு பொம்மைக் கம்பெனியில் அச்சு ஊற்றுகிறார். பையன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் "டிப்ளமோ" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. என் படிப்பிலிருந்து வீட்டார் கண்ணால் பார்க்கப்போகும் முதல் பொருள் இந்தத் தொட்டி! தவிர, அது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஆயா பாய் போட்டுப் படுக்கும்.

முதலில் காசுக் கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் வெறும் தொட்டிக்குக் கடையில் 1,500 ரூபாய் சொன்னார்கள். நானே செய்தால் கண்ணாடிக்கு 600, சிலிக்கான் பசைக்கு 250. மிச்சம் 650. மோட்டார், ஃபில்டர், விளக்கு எல்லாம் இரண்டுக்கும் ஒரே செலவு. ஆக, மீன் வளர்ப்பதில் மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் தொட்டி செய்ய இறங்க வேண்டாம். காசு மட்டும்தான் கணக்கென்றால் கடைத் தொட்டியே மேல்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. 60 x 30 x 30 சென்டிமீட்டர் என்றால் 54 லிட்டர், அதாவது 54 கிலோ. முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் சுமார் 27 கிலோ விசையோடு தள்ளும். உயரத்தை மட்டும் 45 ஆக்கினால் அது 60 கிலோவைத் தாண்டிவிடும். உயரம் ஒன்றரை மடங்கு, தள்ளுவதோ இரண்டே கால் மடங்கு! தங்கச்சிக்கு உயரமான தொட்டிதான் ஆசை. நான் ஓரடிக்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

முன்காலத்தில் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி மக்கு வைத்து அடைத்தார்கள். சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறந்தது 1909-ல். அப்போது சிலிக்கான் பசையே கிடையாது. இன்று சட்டமே இல்லாமல் ஒட்டுப் பசைதான் தண்ணீரைத் தாங்குகிறது. பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கானை வாங்கிவிடாதீர்கள், மீன் செத்துப்போகும். ஒட்டிய பிறகு புளித்த காடி வாசம் அடங்கும்வரை ஒரு வாரமாவது விட வேண்டும்.

ஆனால் பசையைவிட எனக்குக் கவலை கண்ணாடியின் ஓரம்தான். கண்ணாடி அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கீறலில் இருந்துதான் அது உடைகிறது என்று கிரிஃபித் 1921-லேயே எழுதிவிட்டார். அதோடு ஈரமும் ஓயாத பாரமும் சேர்ந்தால் அந்தக் கீறல் மெதுவாக வளரும். இன்று நிற்கிற தொட்டி ஒரு வருடம் கழித்தும் உடையலாம். அதனால்தான் தொட்டிக் கணக்கில் 3.8 என்று காப்புக் காரணி போடுகிறார்கள். நான் 6 மில்லிமீட்டர் கண்ணாடி என்று முடிவு செய்தேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது கடைசிவரை கேட்டார்.

"ஓரத்துல தானடா போவும்? பொம்மையும் அப்பிடித்தான். சூளையிலேர்ந்து எடுத்ததும் தட்டிப் பாப்போம். விரிசல் இருந்தா சத்தமே செத்துக் கெடக்கும்" என்றார். கிரிஃபித்தை அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது எனக்குப் பாதிப் பாடத்தை விளங்க வைத்தது.

"அப்ப செய்யட்டுமாப்பா?"

"செய்யி. ஆனா ஒரு மாசம் திண்ணையில தண்ணி நிக்கட்டும். அப்பறந்தான் ஆயா பக்கத்துல."

அந்த ஒரு மாதம் மீனுக்கும் வேண்டியதுதான். மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருகச் சில வாரம் பிடிக்கும். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அதை வளர்க்க வேண்டும்.

கண்ணாடி வெட்டியாகிவிட்டது. சனிக்கிழமை நானும் அப்பாவும் ஓரம் தேய்க்கிறோம். தங்கச்சி இப்போதே நாலு கப்பிக்குப் பெயர் வைத்துவிட்டாள்.