கடல் பார்க்கப் போன சைக்கிள்

எங்க வீட்டு சைக்கிள் 2012 ஜூன் மாசம் கடல் பார்க்கப் போச்சு. அப்ப எனக்கு எட்டு வயசு.

சிரிக்காதீங்க மக்களே, நிஜமாத்தான். காலையில எழுந்து பார்த்தா வாசல்ல சைக்கிளைக் காணோம். முன்னாடி பார்ல எனக்காகத் துண்டு சுத்தி வெச்சிருந்த பச்சை சைக்கிள். நான் அழ ஆரம்பிக்கிறதுக்குள்ள அப்பா முந்திக்கிட்டார். "ராத்திரி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்புச்சு தம்பி. மதுரைக்குள்ளேயே சுத்திச் சுத்தி அலுத்துப் போச்சாம். ராமேஸ்வரம் போய்க் கடலைப் பார்க்கணும்னுச்சு. பாவம், போகட்டும்னு விட்டுட்டேன்."

அப்பாவுக்குத் துணிக்கடையில சேல்ஸ்மேன் வேலை. வீட்டுக்கு வர ராத்திரி பத்தரை ஆயிடும். அந்த வருஷம் கரண்ட் கட் எப்படி இருந்துச்சுன்னு சென்னைக்கு வெளியில இருந்தவங்களைக் கேளுங்க, கதை கதையாச் சொல்வாங்க. புழுக்கத்துல தூக்கம் வராம மொட்டை மாடியில உருண்டுக்கிட்டு இருப்பேன். அப்பா சாப்பிட்டு மேல வந்து, விசிறியைக் கையில எடுத்துக்கிட்டு, "இன்னிக்கு எந்த ஊருக்குப் போயிருக்கும், சொல்லு பார்ப்போம்"னு ஆரம்பிப்பார்.

மதுரையிலேர்ந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பஸ்ல நாலு மணி நேரம் ஆகும். எங்க சைக்கிளுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. திருப்புவனத்துல தென்னந்தோப்புல படுத்துத் தூங்குச்சு. (பக்கத்துல கீழடியில தோண்ட ஆரம்பிச்சது 2015ல. முன்னமே தெரிஞ்சிருந்தா அப்பா அங்கேயே ஒரு வாரம் ஓட்டியிருப்பார் :) ) மானாமதுரை, பானை செய்யற ஊரு. அங்க குயவர் சக்கரம் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்து, "நீயும் சுத்தற, நானும் சுத்தறேன். நீ மட்டும் எப்படி ஊர் ஊராப் போற?"ன்னு கேட்டுச்சாம். "நான் போய்க்கிட்டே இருக்கேன், ஆனா ஒண்ணும் செய்யலையே. நீ உக்கார்ந்த இடத்துல பானை செய்யறியே"ன்னு சைக்கிள் சொல்லுச்சாம். பரமக்குடியில தறிச் சத்தத்துல தூக்கம் வரலை. ராமநாதபுரம் பக்கம் ரோட்டோரமா குண்டு மிளகாய் காயப் போட்டிருந்தாங்க. சைக்கிள் தும்முன தும்முல மணி தானா அடிச்சுச்சாம். அதுக்கு நான் சிரிச்ச சிரிப்புல கீழ் வீட்டு அக்கா திட்டிட்டாங்க.

ஃப்ரெண்டு வீட்டுல பழைய அம்புலிமாமா ஒரு கட்டு இருந்துச்சு. அதுல வேதாளம் கதையை முடிச்சுட்டுத்தான் கேள்வி கேக்கும். எங்கப்பா கதையை முடிக்கவே மாட்டார்.

ஆடிக் காத்துல பாம்பன் பாலம் ஏறி, ஒருவழியா கடலைப் பார்த்துடுச்சு. அப்புறம் அங்க ஒரு மீனவப் பையனுக்குப் பள்ளிக்கூடம் போக சைக்கிள் இல்லைன்னு தெரிஞ்சு, அங்கேயே தங்கிடுச்சு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா பெருமையாவும் இருந்துச்சு.

2021ல ப்ளஸ் ஒன் அக்கவுண்டன்சி போட்டுப் பார்க்கப் பழைய பேப்பர் தேடினப்போ அப்பாவோட 2012 டைரி கையில கிடைச்சது. கடையில வருஷா வருஷம் கொடுக்கற டைரிலதான் வீட்டுக் கணக்கு எழுதுவார். ஜூன் மாசத்துல வரவு: சைக்கிள் வித்தது 900. அதுக்கு நேரா செலவு: தம்பி ஸ்கூல் ஃபீஸ்.

கோபம்னா அப்படி ஒரு கோபம். ஏமாத்திட்டாரேன்னு இல்லை. அந்த வருஷம் முழுக்க அப்பா கடைக்கு நடந்துதான் போயிருக்கார். போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். அதுவும் நாள் பூரா நின்னுக்கிட்டே பார்க்கற வேலை. ராத்திரி கால்ல தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டேதான் கதை சொல்வார். நான் எண்ணெய் வாசனையைக் கூட ஞாபகம் வெச்சிருக்கேன், ஏன் தேய்க்கிறார்னு ஒரு நாளும் கேட்டதில்லை. சைக்கிளுக்கு வழியில பஞ்சர் ஆகுமான்னு கேட்டிருக்கேன். அப்பா எதுல கடைக்குப் போறார்னு கேட்கலை. கதை அவ்வளவு நல்லா இருந்துச்சு, அதான் பிரச்சினை.

பக்கத்தைத் திருப்பினா ஓரத்துல பென்சில்ல பொடி எழுத்து. "பரமக்குடி - தறி". "ராம்நாடு - மிளகாய் (கல்யாணப் பட்டு எடுக்க வந்தவங்க சொன்னது)". சொல்லி முடிச்ச ஊருக்கெல்லாம் டிக். புடவையை விரிச்சுப் போட்டுக்கிட்டே கஸ்டமர்கிட்ட, "உங்க ஊர்ல என்னம்மா விசேஷம்?"னு விசாரிச்சு எனக்குக் கதை சேர்த்திருக்கார்.

"ஏம்ப்பா உண்மையைச் சொல்லலை?"ன்னு அன்னிக்கு ராத்திரி கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. உன்னைப் பார்த்து நானும் அழுதிருப்பேன்."

அப்புறம் அப்பத்தாவைப் பத்திச் சொன்னார். அப்பா சின்னப் பையனா இருந்தப்போ பாதி நாள் கஞ்சிதானாம். கஞ்சித் தண்ணி கடல், சோத்துப் பருக்கை படகுன்னு சொல்லித்தான் அப்பத்தா குடிக்க வைக்குமாம். "பருக்கை கம்மியா இருந்தா, இன்னிக்குக் கடல் பெருசா இருக்குடான்னு சொல்லும். நானும் நம்பிக் குடிச்சுட்டுப் போயிருவேன்."

இப்ப பி.காம் மூணாம் வருஷம் படிக்கிறேன். சொத்து வித்த காசு மூலதன வரவு, அதை எடுத்து வருவாயினச் செலவுக்குப் போடக்கூடாதுன்னு அப்பாகிட்ட பெரிய மனுஷன் மாதிரி சொல்லிப் பார்த்தேன். "உன் ஃபீஸ் செலவுன்னு எவன் சொன்னது?"ன்னுட்டார். அந்தச் சண்டை இன்னும் தீரலை.

போன மாசம் ரெண்டு பேரும் மாட்டுத்தாவணியில ராமேஸ்வரம் பஸ் ஏறினோம். அப்பா அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் போனதே இல்லை. பானை, தறி, மிளகாய், எல்லாமே கேள்விஞானம்தான். பாம்பன் பாலத்து மேல பஸ் ஊர்ந்துச்சு. எல்லாரும் 2025ல திறந்த புது ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தார். காத்து முகத்துல அறைஞ்சுச்சு.

"இவ்வளவு காத்துல சைக்கிள் போகுமா தம்பி?"ன்னு கேட்டார், நிஜமாவே சந்தேகமா.

"நம்ம சைக்கிள் போச்சேப்பா"ன்னேன்.