கழித்தல் குறி

அப்பாவின் பாலிசி ரசீதுகள் துணிக்கடை மஞ்சப்பையில். மொத்தம் இருபது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

ஆண்டுக்கு 12,000. கட்டியது 2,40,000. 2023 ஜூனில் வந்தது 4,41,500.

ஏஜென்ட் அன்று சொன்னது: “கிட்டத்தட்ட டபுள்ண்ணே.”

எக்செலில் இரண்டு வரிசை. ஒன்றில் தேதி, ஒன்றில் தொகை. கீழே எக்ஸ்ஐஆர்ஆர், ஆண்டு வருவாய் விகிதம் சொல்லும் சூத்திரம்.

முதலில் பிழை காட்டியது. எல்லாத் தொகையையும் கூட்டலாகவே போட்டிருந்தேன். கையை விட்டுப் போனதற்குக் கழித்தல் குறி வேண்டும். குறைந்தது ஒரு கழித்தல், ஒரு கூட்டல். இல்லாவிட்டால் கணக்கே போடாது.

இருபது முறை கழித்தல். ஒரே ஒரு கூட்டல்.

விடை 5.5 சதவீதம்.

இந்தச் சூத்திரம் விடையை நேராகக் கண்டுபிடிப்பதில்லை. 10 சதவீதமாக இருக்குமோ என்று ஊகித்துத் தொடங்கும். பொருந்தாவிட்டால் திருத்தும். மறுபடி திருத்தும். நூறு தடவைக்குள் பிடிபடாவிட்டால் கையை விரித்துவிடும்.

தேதிக் கட்டத்தை எண்ணாக மாற்றிப் பார்த்தேன். 1-6-2003 என்பது 37773. முதிர்வு நாள் 45078. நடுவில் 7305 நாள்.

1900 ஜனவரி 1 தான் எக்செலுக்கு நாள் ஒன்று. அதற்கு முன் அதற்குத் தேதியே கிடையாது.

1900 பிப்ரவரி 29 என்றொரு நாளும் அதில் உண்டு. உண்மையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த தவறு. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் வைத்துக்கொண்டது. இன்னும் இருக்கிறது.

தெருமுனைக் காய்கறிக்கார அக்காவின் தண்டல். கையில் வருவது 9,000. நாளுக்கு 100, நூறு நாள். “நூத்துக்குப் பத்துதான் தம்பி.”

அதையும் போட்டுப் பார்த்தேன். அவர் பக்கமிருந்து 9,000 கூட்டல். நூறு கழித்தல்கள்.

117 சதவீதம். ஆண்டுக்கு.

குறிகளைத் தலைகீழாக்கினால் தண்டல்காரரின் கணக்கு. விடை அதே 117.

அக்காவிடம் சொல்லவில்லை. கத்தரிக்காய் அரைக் கிலோ வாங்கினேன்.

வங்கியில் ‘ஃப்ளாட்’ 12 சதவீதம் என்பார்கள். ஒரு லட்சம், பன்னிரண்டு தவணை, மாதம் 9,333. ரேட் சூத்திரத்தில் போட்டுப் பன்னிரண்டால் பெருக்கினால் 21.5.

அம்மாவின் சங்கிலி. வாங்கிய தேதி தெரியாது. விலை தெரியாது. “உங்க தாத்தா போட்டதுடா.” கழித்தல் இல்லை. கணக்கு வராது.

அப்பாவின் ரசீதுகளில் ஒன்று மட்டும் ஜூன் இல்லை. 2009. செப்டம்பர் என்று இருக்கிறது. தாமத வட்டி 290.

வட்டியை விட்டுவிட்டுப் போட்டால், தாமதமாகக் கட்டியதால் விடை ஏறுகிறது. தசமத்தின் மூன்றாம் இடத்தில். வட்டியைச் சேர்த்தால் அதே இடத்தில் இறங்குகிறது.

ரசீதின் பின்பக்கம் பென்சிலில் ஒரு கூட்டல் கணக்கு. விடுதி, மெஸ், புத்தகம், பஸ்.

நான் கல்லூரியில் சேர்ந்தது 2009 ஜூனில்.

தாளின் மூலையில் இன்றைய தேதிக்கு ஒரு டுடே சூத்திரம் போட்டிருந்தேன். சும்மா திறந்து மூடும்போது கேட்கிறது: மாற்றங்களைச் சேமிக்கவா?

நான் இன்று எதையும் தொடவில்லை.